ஆறு லட்சம் ரூபாய் மிதிவண்டி: உலோகத்தையும் அளவையும் பிரித்துப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஷ்மீரிலிருந்து மிதித்துக் கன்னியாகுமரி வந்து சேர்ந்த பயணி ஒருவரின் டைட்டானியம் மிதிவண்டியைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த படச்செய்தியையும், அதையொட்டி அடுத்தடுத்து வெளியான இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஆறு லட்சம் ரூபாய்க்கு அளவு கொடுத்துச் செய்வித்த வண்டி என்பதை அறிந்ததும், முதல் கடிதம் எழுதியவர் அதைப் பணத்திமிர் என்றார். இரண்டாமவர் அதை வாழ்நாள் முதலீடு என்றார். இரண்டு கடிதங்களும் விலையைப் பற்றியே பேசின. அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது, அதுவும் உப்புக்காற்று அடிக்கும் நம் மாவட்டத்தில் என்ன கிடைக்கிறது என்பதை இரண்டுமே தொடவில்லை. அதை எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் வெல்டிங் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான், வயது அறுபத்தொன்று. வாரத்தில் நான்கு நாட்கள் விடியற்காலையில் நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம், முட்டம், மணவாளக்குறிச்சி வழியாகக் குளச்சல் வரை சென்று, திங்கள்சந்தை வழியாகத் திரும்புவது பதினைந்து ஆண்டுகளாக என் வழக்கம். ஓய்வூதியப் பணப்பயன் கைக்கு வந்தபோது, எனக்கும் அளவெடுத்துச் செய்த டைட்டானியம் சாலை மிதிவண்டி மீது ஆசை வந்தது. வெளிநாட்டுத் தயாரிப்பாளர் ஒருவரிடம் மதிப்பீடு கேட்டேன். ஃபிரேமும் ஃபோர்க்கும் மட்டும் மூன்றரை லட்சம். கியர், பிரேக், சக்கரங்கள், கப்பல் கட்டணம், சுங்கவரி எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்துக்குச் சற்று மேல். காத்திருப்பு ஏழு மாதம். அந்தக் காகிதத்தை எட்டு மாதம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். "அந்தப் பணத்துக்கு நாலஞ்சு ஸ்கூட்டர் வாங்கலாமே" என்று என் மனைவி ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

அந்த எட்டு மாதத்தில் எனக்குத் தெளிவானது, "அளவெடுத்த டைட்டானியம் வண்டி" என்ற ஒரே சொல்லுக்குள் தனித்தனியாக விலை போட வேண்டிய இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான். ஒன்று உலோகம், மற்றொன்று அளவு. டைட்டானியம் ஃபிரேம்கள் ஆயத்த அளவுகளிலும் கிடைக்கின்றன; அளவெடுத்த ஃபிரேம்களை ஸ்டீலிலும் செய்து தருகிறார்கள். விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தருவதால், வாங்குபவரும் ஒன்றாகவே எடைபோட்டு, ஒன்றின் பெருமையை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

உலோகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டைட்டானியம் நமக்கு அயலூர்ப் பொருள் அன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை விட்டுச் செல்லும் கருமணலில் மின்னுவது பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். 1791-ஆம் ஆண்டு வில்லியம் கிரிகோர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இந்தத் தனிமத்தை முதன்முதலில் அடையாளம் கண்டதும் இப்படிப்பட்ட ஒரு கருமணலில்தான். அது இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலில், ஓர் ஓடைக்கரையில் கிடைத்தது. நாலாண்டு கழித்து, 1795-இல், கிளாப்ரோத் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதற்கு டைட்டானியம் என்று பெயர் வைத்தார். (எங்கள் தலைமுறைக்கு டி.ஐ. என்றால் 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலைதான். இந்த உலோகத்தின் வேதிக் குறியீடும் அதே இரண்டு எழுத்துகள் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள்.)

இவ்வளவு மணல் காலடியில் கிடக்கும்போது உலோகம் ஏன் இவ்வளவு விலை என்று கேட்கலாம். மணலில் இருப்பது ஆக்சைடு. அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. இரும்புத் தாதுவைப் போலக் கரியோடு சேர்த்து உலையில் உருக்கினால் நல்ல டைட்டானியம் கிடைக்காது. முதலில் குளோரினோடு வினைபுரியச் செய்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக்கி, பிறகு காற்றே புகாத கலத்தில், ஆர்கான் வாயுவுக்குள், உருகிய மக்னீசியத்தைக் கொண்டு அதைப் பிரிக்க வேண்டும். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் வகுத்த இந்த முறைதான் இன்றும் வழக்கில் உள்ளது. ஒவ்வொரு கலமாக, நாள்கணக்கில் சூடேற்றி, ஆறவிட்டு, உடைத்தெடுக்கும் வேலை. கிடைக்கும் கடற்பஞ்சு போன்ற கட்டியை வெற்றிடத்தில் மீண்டும் உருக்கிய பிறகுதான் அது குழாயாக இழுக்கத் தகுதி பெறும். கேரளத்தின் சவராவில் விண்வெளித் துறையின் உதவியோடு 2011-இல் திறக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு 500 டன் டைட்டானியம் பஞ்சு தயாரிக்கும் திறனோடு அமைக்கப்பட்டது. அது ராக்கெட்டுக்கும் விமானத்துக்கும் போகிறது. உலகில் தோண்டப்படும் இல்மனைட்டில் பெரும்பகுதி உலோகமாவதே இல்லை. வெள்ளை நிறப்பொடியாகிப் பெயின்ட் டப்பாவுக்குள் போய்விடுகிறது. நம் கரை மணல் நம் வீட்டுச் சுவராகத் திரும்பி வருகிறது, வண்டியாக வருவதில்லை.

மிதிவண்டிக்குப் பயன்படும் குழாய், மூன்று சதவீதம் அலுமினியமும் இரண்டரை சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியக் கலவை. விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்களுக்காக உருவானது அது. ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீலின் எடை ஏறத்தாழ 7.8 கிராம், டைட்டானியத்தின் எடை 4.5 கிராம், அலுமினியத்தின் எடை 2.7 கிராம். விறைப்பில் டைட்டானியம் ஸ்டீலின் பாதியளவே. எனவே அதே விறைப்பு வேண்டுமென்றால் குழாயின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் விறைப்பு வரும், கூட்டாவிட்டால் வண்டி துவளும். "டைட்டானியம் சுகமான உலோகம்" என்று விளம்பரங்களில் வரும் வாசகம் பாதி உண்மை என்று நான் சொல்வது இதனால்தான். சுகமும் விறைப்பும் குழாயின் விட்டத்தையும் கனத்தையும் தேர்ந்தெடுப்பவரின் கையில் இருக்கின்றன. உலோகத்தின் பெயரில் இல்லை. தவிர, முக்கோணமாகக் கட்டிய ஃபிரேம் மேலும் கீழுமாக வளைவது மிகச் சிறிது. டயர் அமுங்குவது அதைவிடப் பல மடங்கு. நம் சாலைப் பள்ளங்களில் முதுகைக் காப்பாற்ற வேண்டுமென்றால், 25 மில்லிமீட்டர் அகல டயரைக் கழற்றிவிட்டு 32 மில்லிமீட்டர் டயரைப் போட்டு, காற்றழுத்தத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து. அதற்கான செலவு ஆயிரங்களில் முடிந்துவிடும்.

எடையைப் பற்றியும் ஒரு சிறு கணக்கு. என் எடை 76 கிலோ. பழைய ஸ்டீல் வண்டி 10.5 கிலோ, மதிப்பீட்டில் சொல்லப்பட்ட டைட்டானியம் வண்டி 8.5 கிலோ. மொத்த எடையில் குறைவது 2.3 சதவீதம். அரை மணி நேரம் விடாமல் ஏறும் செங்குத்துச் சாலை ஒன்று இருந்தால் (நம் ஊரில் அப்படி ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்) அதில் நான் மிச்சப்படுத்தக்கூடியது நாற்பது விநாடி. சமதளத்தில் அதுவும் இல்லை. எடைதான் முக்கியம் என்பவர் கார்பன் ஃபைபர் வண்டிக்குப் போகட்டும். பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் விதி போடும் அளவுக்கு அவை இலகுவாகிவிட்டன. டைட்டானியம் அந்தப் போட்டியில் இல்லை.

அப்படியானால் இந்த உலோகத்துக்கு நம் மாவட்டத்தில் என்ன நியாயம்? ஒரே நியாயம் துரு. முட்டம் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி மிதிக்கும் எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் வீடு திரும்பியபின் கையால் ஹேண்டில்பாரைத் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். நான் 2011-இல் பெங்களூரில் ஒருவரிடமிருந்து வாங்கிய குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) ஸ்டீல் வண்டி, உள்நாட்டில் இருந்திருந்தால் முப்பது ஆண்டு உழைத்திருக்கும். இங்கே பத்தாவது ஆண்டிலேயே மேல் குழாயின் அடிப்புறத்தில் பெயின்ட் கொப்பளிக்கத் தொடங்கியது. வியர்வை சொட்டும் இடம் அது. கடைக்காரர்கள் பி.பி. என்று சொல்லும் பெடல் அச்சுக் கூட்டைத் திறந்தபோது, உள்ளே தேங்கியிருந்த நீரோடு ஒரு கைப்பிடி செந்துரு கொட்டியது. சீட் குழாய் வழியாக மழைநீர் இறங்கி அங்கே தங்குகிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்யும் ஊர் நம்முடையது என்பதை ஃபிரேம் செய்பவர்கள் அறிய மாட்டார்கள்.

டைட்டானியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிறது. கீறினாலும் உடனே மீண்டும் உண்டாகிறது. கடல் உப்பால் அதை அரிக்க முடிவதில்லை. கடல்நீரைக் கொண்டு குளிர்விக்கும் மின்நிலையங்களில் இதே உலோகக் குழாய்களைப் பயன்படுத்துவது இந்தக் குணத்துக்காகத்தான். பெயின்ட் தேவையில்லை, கீறல் விழுந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் கொண்டு இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். குலசேகரத்திலோ திருவட்டாற்றிலோ ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வசிப்பவருக்கு இது ஒரு வசதி மட்டுமே. ஆனால் இராஜாக்கமங்கலம் துறையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை கடலோரத்தில் வசித்து மிதிப்பவருக்கு இது பணம் கொடுக்கத் தக்க குணம் என்றே கருதுகிறேன்.

ஆனால் துருப்பிடிக்காதது ஃபிரேம் மட்டும்தான். இரண்டாம் கடிதம் எழுதிய நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். செயின், கேசட் எனும் பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு, பிரேக் கேபிள், ஸ்போக் கம்பி, சிறு திருகாணிகள் எல்லாம் ஸ்டீலாகவோ அலுமினியமாகவோதான் இருக்கும். ஆறு லட்சம் ரூபாய் வண்டியானாலும் அவை மற்ற வண்டிகளில் தேய்வது போலவே தேயும். இன்னும் மோசமான ஒன்றும் உண்டு. டைட்டானியமும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால், அது ஒரு சிறு மின்கலம் போல ஆகி, அலுமினியம் தின்னப்படும். டைட்டானியம் ஃபிரேமுக்குள் சீட்டைத் தாங்கும் அலுமினியத் தண்டை, அதாவது சீட் பில்லரை, செருகி, கிரீஸ் தடவாமல் இரண்டு ஆண்டு விட்டுவிட்டால், அந்தப் பில்லர் வெள்ளைப் பொடியாகப் பூத்து, குழாயோடு இறுகி, பிறகு எந்த ஸ்பானருக்கும் அசையாது. அறுத்து எடுத்த கதைகளும் உண்டு. டைட்டானியப் பில்லரையே போட்டாலும், ஒரே உலோகம் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் குணம் இருப்பதால், அதற்கென்று விற்கும் பிடிப்புநீக்கிப் பசை தடவாமல் செருகக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் துடைத்துப் பசை தடவுகிறேன் என்று உறுதி சொல்ல முடியாதவர், "பராமரிப்பே வேண்டாம்" என்ற விளம்பரத்தை நம்பி இதை வாங்குவது வீண்.

என் தொழில் சார்ந்த ஓர் அச்சத்தையும் சொல்ல வேண்டும். டைட்டானியம் சூடாக இருக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சினால் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை பெறும். எனவே டிக் (ஆர்கான்) வெல்டிங் செய்யும்போது வெளிப்பக்கம் மட்டுமல்லாமல் குழாயின் உட்பக்கத்தையும் ஆர்கானால் நிரப்பி, பற்று (வெல்டிங் செய்த இணைப்பு) ஆறும் வரை காற்றுப் படாமல் காக்க வேண்டும். பற்றின் நிறமே சாட்சி சொல்லும்: வெள்ளி நிறம் நன்று, வைக்கோல் நிறம் ஏற்கத்தக்கது, நீலம் ஐயத்துக்குரியது, சாம்பல் வெள்ளைப் பொடி தெரிந்தால் அந்த ஃபிரேமை வீசிவிட வேண்டியதுதான். (அழகுக்காக மின்முறையில் ஏற்றும் நீல, ஊதா வண்ணங்கள் வேறு, அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம்.) நம் மீன்பிடித் துறைமுகங்களைச் சுற்றியுள்ள பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங்கில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், துருப்பிடிக்காத எஃகில் அவர்கள் போடும் பற்றை என் மாணவர்களுக்கு அழைத்துச் சென்று காட்டியிருக்கிறேன். அப்படி ஒருவரிடம், டைட்டானியம் ஃபிரேமில் விரிசல் விழுந்தால் ஒட்டித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ஒட்டித் தரலாம் சார், ஆனா நீங்க அதுல ஏறக் கூடாது" என்றார். அந்த நேர்மைக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆக, பழுது என்றால் செய்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஆயுட்கால உத்தரவாதம் என்று அச்சடித்திருப்பதன் கீழே, முதல் உரிமையாளருக்கு மட்டும், விபத்துக்குப் பொருந்தாது, அனுப்பும் செலவு வாங்கியவருடையது என்ற வரிகள் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துக்கொள்ள வேண்டும்.

இனி அளவுக்கு வருகிறேன். என் கருத்தில் ஏமாற்றம் மிகுதியாக நேரும் இடம் இதுவே. தையற்காரரிடம் அளவு கொடுத்த சட்டை எப்போதும் ஆயத்தச் சட்டையைவிட நன்றாக இருக்கும் என்ற நினைப்பில் நாம் அளவெடுத்த வண்டியைப் பற்றி எண்ணுகிறோம். ஆனால் சட்டைக்குத் தோளும் கழுத்தும் போதும். வண்டியில் நாம் உட்காரும் விதம், சீட்டின் உயரம், சீட் முன்பின் நகர்வு, ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டான ஸ்டெம்மின் நீளம், அதன் கோணம், ஹேண்டில்பாரின் அகலம் என்று மாற்றக்கூடிய பல உறுப்புகளைப் பொறுத்தது. நடுத்தர உடம்பு கொண்டவருக்கு, ஆயத்த ஃபிரேம் ஒன்றில் இந்த உறுப்புகளை மாற்றினாலே, அளவெடுத்த ஃபிரேமில் கிடைக்கும் அதே இருக்கை கிடைத்துவிடும்.

என் கதையே சான்று. கழுத்துவலியும் உள்ளங்கை மரத்துப்போவதும் பல ஆண்டுகளாக இருந்தன. அளவெடுத்த ஃபிரேம் அதைத் தீர்க்கும் என்றுதான் மதிப்பீடே கேட்டேன். தயாரிப்பாளர் என் உடல் அளவுகளைக் கேட்டபோது, நான் முதலில் உடல் அளவு பார்த்து வண்டியைச் சரிசெய்து தரும் ஒருவரிடம் சென்றேன். சுவரோரம் வெறுங்காலோடு நின்று, கால்களுக்கிடையே தடித்த புத்தகம் ஒன்றை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துத் தரையிலிருந்து அளந்ததில், காலின் உள்ளளவு 77 சென்டிமீட்டர். அதை 0.883 ஆல் பெருக்கும் பழைய சூத்திரப்படி, பி.பி. கூட்டின் மையத்திலிருந்து சீட் மேற்பரப்பு வரை 68 சென்டிமீட்டர் வர வேண்டும். நான் பதினைந்து ஆண்டுகளாக அறுபத்தொன்பதரையில் உட்கார்ந்து இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தேன். சீட்டை ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கி, 110 மில்லிமீட்டர் ஸ்டெம்மை எடுத்துவிட்டு 90 மில்லிமீட்டரில் மேல்நோக்கிய ஒன்றைப் போட்டார். ஸ்டெம்முக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அவருக்குக் கூலி சில ஆயிரம். ஒரு மாதத்தில் கழுத்துவலி போய்விட்டது. மூன்றரை லட்சம் ரூபாய் ஃபிரேம் தீர்க்க வேண்டியிருந்த நோய் அது.

இன்னொன்றும் அந்த ஒரு மணி நேரத்தில் புரிந்தது. அறுபத்தொரு வயதில் என் இடுப்பு வளையும் அளவு, எழுபதில் வளையப் போவதில்லை. இன்றைய உடம்புக்கு மில்லிமீட்டர் கணக்கில் அளவெடுத்து, எக்காலத்துக்கும் அழியாத உலோகத்தில் அதைப் பதித்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது மடிப்பு விட்டுத் தைப்பார்களே, அதுபோல ஹேண்டில்பாரை உயர்த்திக்கொள்ள இடம் விட்டு, ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாயைக் கொஞ்சம் நீளமாகவே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், அது ஏறத்தாழ ஆயத்த ஃபிரேம்களில் நீண்டதூரப் பயணத்துக்கென்று விற்கும் வகையாகவே ஆகிவிடுகிறது. எனக்கு அளவெடுத்த ஃபிரேம் தேவையில்லை என்ற முடிவுக்கு நான் வந்தது அங்கேதான். பிறகு விற்க நினைத்தாலும், என் உடம்புக்குச் செய்ததை வாங்க என் உடம்போடு இன்னொருவர் வர வேண்டும்.

ஆனால் என் மகளின் விவகாரம் வேறு. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் அவள் வாரக்கடைசியில் வந்து என்னோடு மிதிப்பவள். உயரம் 151 சென்டிமீட்டர். சாலை மிதிவண்டிகளின் மிகச் சிறிய அளவுகூட, பெரும்பாலும் பெரிய 700 சி சக்கரங்களைச் சுற்றியே வரையப்படுகிறது. ஃபிரேம் சிறுத்தாலும் சக்கரம் சிறுக்காததால், மெதுவாகத் திரும்பும்போது அவளுடைய கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கிறது. கை எட்டவில்லை என்று ஸ்டெம்மைக் குறைத்தால் வண்டி நிலை தடுமாறுகிறது. ஒருமுறை தக்கலைச் சந்திப்பில், பேருந்துக்கு ஒதுங்கும்போது இப்படித்தான் விழுந்தாள், சிராய்ப்போடு போயிற்று. அவளுக்குச் சிறிய 650 பி சக்கரங்களைச் சுற்றி, அதற்கேற்ற கோணங்களில் வரைந்த ஃபிரேம்தான் தீர்வு. எந்த உறுப்பை மாற்றியும் அதை ஈடுகட்ட முடியாது. நம் பெண்களில் பலர் இந்த உயரத்தினர். மிக உயர்ந்தவர்களுக்கும், ஒரு கால் குட்டையானவர்களுக்கும், முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். அளவெடுத்த வண்டி என்பதை வசதி படைத்த நடுத்தர உயர ஆண்கள் பெருமைக்கு வாங்கும் பொருளாக நினைத்திருந்த எனக்கு, அது உண்மையில் யாருக்குத் தேவை என்பதை அவள் விழுந்த பிறகே யோசிக்கத் தோன்றியது.

அவளுக்கும் டைட்டானியம்தான் வேண்டும் என்பதில்லை. ஸ்டீல் குழாயில் அளவுக்குச் செய்து தருபவர்கள் நம் நாட்டிலேயே சிலர் உள்ளனர். செலவு பெரிதும் குறையும். ஆயினும், வயது இருபத்தேழு, இன்னும் நாற்பது ஆண்டு மிதிக்கக்கூடியவள், வீடு கடற்கரைக் காற்றில் இருக்கிறது, உடல் அளவு இனி பெரிதாக மாறப் போவதில்லை என்னும்போது, உலோகத்தின் நியாயமும் அளவின் நியாயமும் ஒரே ஆளிடம் வந்து சேர்வது அவளிடம்தான், என்னிடம் இல்லை.

வாங்குவதென்று முடிவு செய்பவர்கள் உத்தரவுப் படிவத்தில் எதை எழுத வேண்டும் என்பது பற்றி மட்டும் சிறிது சொல்கிறேன். பி.பி. கூடு அழுத்திச் செருகும் வகையாக இல்லாமல், மரை போட்ட 68 மில்லிமீட்டர் வகையாக இருக்கட்டும். எந்தக் கடையிலும் மாற்றலாம், கிறீச்சிடாது. சீட் பில்லர் 27.2 மில்லிமீட்டர் உருண்டை வகையாக இருக்கட்டும். கேபிள்கள் ஹேண்டில்பாருக்குள் மறைந்து ஓடும் அழகைத் தவிர்த்து, வெளியே ஓடும்படி கேட்பது நல்லது. உப்புக்காற்றில் கேபிள் மாற்றுவது ஆண்டுக்கு ஒரு முறை வரும் வேலை. அந்தத் தயாரிப்பாளரிடம் மட்டுமே கிடைக்கும் உறுப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. நாற்பது ஆண்டு நிற்கும் ஃபிரேமுக்குப் பத்தாண்டில் உறுப்பு கிடைக்காமல் போனால் அது சுவரில் மாட்டும் படம். 32 மில்லிமீட்டர் டயரோடு மட்கார்டும் நுழையும் இடைவெளி கட்டாயம். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் மழைக்காலத்தில் மிதித்தவர்களுக்கு மட்கார்டின் அருமை தெரியும். ஆழமான கார்பன் ரிம்களில் பணம் போட வேண்டாம். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகளுக்கு நடுவே, அம்மியே பறக்கும்போது ஆழமான ரிம் வண்டியை லாரிக்கு அடியில் தள்ளப் பார்க்கும்.

பணக்கணக்கையும் மறைக்காமல் போட்டுவிடுகிறேன். ஏறத்தாழ தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு நல்ல அலுமினியச் சாலை மிதிவண்டி கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததில் அதுவும் சற்று இறங்கியிருக்கிறது. உப்புக்காற்று அதைப் பத்தாண்டில் தின்றுவிட்டது என்று வைத்து, இருபது ஆண்டில் இரண்டு வண்டி வாங்கினாலும் இரண்டு லட்சத்தைத் தாண்டாது. ஆறு லட்சத்தை இந்தக் கணக்கால் நியாயப்படுத்த எந்தக் கணக்கப்பிள்ளையாலும் முடியாது. எனவே "முதலீடு" என்ற சொல்லை இரண்டாம் கடித நண்பர் திரும்பப் பெற வேண்டும். முதல் கடித நண்பருக்கும் ஒரு வார்த்தை: கடன் வாங்காமல், வீட்டாரிடம் மறைக்காமல், தினமும் மிதிக்கும் ஒருவர் தன் ஆசைக்கு வாங்கும் பொருளைத் திமிர் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இதைவிட அதிக விலைக்குக் கார் வாங்கி, பேருந்து நிலையம் வரை மட்டும் ஓட்டுபவர்களை நாம் ஒன்றும் சொல்வதில்லை.

என் பழைய ஸ்டீல் ஃபிரேமை மணல் வீசித் துருநீக்கி, உட்புறம் எண்ணெய் ஓட்டி, புதிய பெயின்ட் அடித்து, பி.பி. கூட்டின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளையும் இட்டுவிட்டேன். மொத்தச் செலவு ஐயாயிரத்துக்குள். எனக்கு அது போதும். மகளின் அளவுகளை எடுக்க வரும் சனிக்கிழமை செல்கிறோம். அந்த அளவுகள் கைக்கு வந்தபின், ஸ்டீலில் ஒன்று, டைட்டானியத்தில் ஒன்று என இரண்டு மதிப்பீடுகள் கேட்பதாக இருக்கிறோம்.

அதற்கு முன் தங்கள் வாசகர்களிடம் ஓர் உதவி வேண்டுகிறேன். நம் மாவட்டக் கடலோரத்தில் டைட்டானியம் மிதிவண்டியை ஐந்தாறு ஆண்டுகளாவது மிதித்தவர் எவரேனும் இருந்தால், தம் அனுபவத்தை இப்பகுதியில் எழுத வேண்டும். வண்டி எவ்வளவு வேகம் போகிறது என்பதைவிட, சீட் பில்லரைக் கடைசியாக எப்போது கழற்றினார், கழன்றதா என்பதை எழுதினால் மிகவும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
வடசேரி, நாகர்கோவில்.